கீழே போகிறவருக்கு வழி

ஒரு கார்த்திகை மாத மாலையில் என் கணவர் வேலையால் வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் குசினி வாசலில் நின்றார். நான் லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தேன். அவருடைய முகத்தைப் பார்த்ததும் வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

"இஞ்சை பாரும், நான் ஒரு பொய் சொல்லிப்போட்டன்," என்றார்.

"ஆருக்கு?"

"மனேச்சருக்கு. எனக்கு ஸ்கீ ஓடத் தெரியுமெண்டு சொல்லிப்போட்டன்."

நான் கத்தியை வைத்துவிட்டுச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. வால்தம்ஸ்டோவில் ஒரு கடைக்கு மேலிருந்த மாடிவீட்டில் நாங்கள் இரண்டு பேரும் குடியிருந்தோம். நான் நூலகம் ஒன்றில் வேலை செய்தேன். அவர் ஊரில் பொறியியல் படித்தவர். லண்டனுக்கு வந்த பின் வருடக்கணக்காகப் பெட்ரோல் ஷெட்டில் நின்றார். எத்தனையோ இடங்களுக்கு விண்ணப்பம் போட்டு, கடைசியில் அந்த வருடம்தான் கட்டிடங்களுக்கு வரைபடம் போடும் நிறுவனம் ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. அங்கிருந்தவர்கள் மாசி மாதத்தில் ஒன்றாகப் பிரான்ஸ் மலைக்கு ஸ்கீ விளையாடப் போவார்களாம். தேநீர் நேரத்தில் பேச்சு அதில் வந்திருக்கிறது. மனேச்சர் இவர் பக்கம் திரும்பி, வெய்யில் நாட்டிலிருந்து வந்தவருக்கு இதெல்லாம் எங்கே தெரிந்திருக்கப் போகிறது என்ற மாதிரி, மிகவும் அன்பாக, ஏதோ சொல்லியிருக்கிறார்.

"கோவமாக் கேட்டிருந்தா நான் உண்மையைச் சொல்லியிருப்பன்," என்றார் இவர். "பாவம் எண்டு கேட்டதுதான் எனக்கு ஏலாமல் போச்சு."

அடுத்த நாள் நூலகத்திலிருந்து ஸ்கீ பழகுவதற்கான படப்புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தேன். ஒரு கிழமையாக, சாப்பாட்டுக்குப் பிறகு வரவேற்பறைக் கம்பளத்தில் நின்று, புத்தகத்தைக் கதிரையில் விரித்து வைத்துக்கொண்டு, முழங்காலை மடித்து இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தார். சாய்வுக் கோணம், புவியீர்ப்பு மையம் என்று எனக்கு விளக்கம் சொன்னார். எல்லாம் கணக்குத்தான், பெரிய விசயமில்லை என்றார்.

லண்டனில் பனி விழுந்தால் அன்றைக்கே சேறாகிவிடும். ஆனால் அந்தக் காலத்தில் நகரின் விளிம்புகளில் செயற்கைச் சரிவுகள் சில இருந்தன. மண்மேடு ஒன்றின் மேல் வெள்ளை நிற பிளாஸ்டிக் விரிப்பு போட்டிருப்பார்கள். பல்துலக்கும் பிறஷ்ஷின் முள்போல மேலெல்லாம் குத்திட்டு நிற்கும். முட்களுக்கு நடுவே சின்னச் சின்ன டைமன் வடிவத்தில் ஓட்டைகள். காலில் பூட்டும் ஸ்கீப் பலகை வழுக்க வேண்டும் என்பதற்காகக் குழாய்களிலிருந்து தண்ணீர் தூறிக்கொண்டே இருக்கும். நாங்கள் போன சரிவு பஸ் தரிப்பிடம் ஒன்றுக்கும் விளையாட்டுத் திடலுக்கும் பின்னால் இருந்தது. இப்போது அது இல்லை. வீடுகள் கட்டிவிட்டார்கள்.

தனியாகப் போக அவருக்கு வெட்கம். அதனால் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கடன் வாங்கிய கையுறை, ஊரிலிருந்து வரும்போது போட்டுவந்த கம்பளிச் சட்டை, இரவல் பூட்ஸ். அந்தப் பூட்ஸைப் போட்டால் கணுக்கால் அசையாது. காலை மாவுக்கட்டுப் போட்ட மாதிரி எடுத்து வைத்துத்தான் நடக்க வேண்டும். நான் இரண்டு தரம் சறுக்கி அவருடைய தோளைப் பிடித்தேன். "ஆக்கள் பாக்கினம்," என்று அவர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

பழக்கியவர் ஸ்கொட்லாந்துக்காரப் பெண். கட்டையாக வெட்டிய நரைத்த தலைமயிர். காற்றில் நின்று நின்று சிவந்த கன்னம். எங்களை அடிவாரத்தில் வரிசையாக நிறுத்திவிட்டு, "இன்றைக்கு முதலில் விழப் பழகுவோம்," என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். அவர் கையுறையைக் கழற்றித் தன் பெருவிரலைக் காட்டினார். அது அடியில் வீங்கி ஒரு பக்கம் வளைந்திருந்தது. விழும்போது கையை விரித்து ஊன்றினால் பெருவிரல் விரிப்பின் ஓட்டைக்குள் போய்விடும், உடம்பு போகும், விரல் அங்கேயே நிற்கும் என்றார். கையைப் பொத்திக்கொண்டு, பக்கவாட்டில், இடுப்பில் விழ வேண்டும். எந்தக் குளிரிலும் வெய்யிலிலும் கையுறையும் நீளக் கையும் இல்லாமல் அந்த விரிப்பில் ஏறக்கூடாது.

ஒவ்வொருவராக விழுந்தோம். என் முறை வந்தபோது கண்ணை மூடிக்கொண்டு சரிந்தேன். நோகவில்லை. எனக்குப் பக்கத்தில் நாற்பதைத் தாண்டிய ஒரு பெண் தொப்பென்று விழுந்து, எழும்ப முடியாமல் கிடந்து, வயிறு குலுங்கச் சிரித்தார். அவர் எங்கள் பகுதியில் பஸ் ஓட்டுகிறவர். "நாள் முழுக்க நடக்கிற வேகத்தில்தான் இந்த ஊரைச் சுற்றுகிறேன்," என்று பிறகு என்னிடம் சொன்னார். "ஒரு தரமாவது சிவப்பு விளக்கு இல்லாமல் கீழே வர ஆசை."

என் கணவர் விழவில்லை. முறை வந்ததும் முழங்காலைக் கொஞ்சம் மடித்தார், பிறகு நிமிர்ந்துகொண்டார். பழக்கியவர் காத்திருந்தார்.

"விழுறதையும் ஆரும் பழகுவினமே?" என்று எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார். "நான் விழாமல் போகத்தான் பழக வந்தனான்."

பழக்கியவர் அவரைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு அடுத்தவரிடம் போனார்.

பிறகு பலகைகளைப் பூட்டினோம். முன்நுனிகள் இரண்டும் கிட்ட, பின்பக்கம் அகல, தலைகீழான ஆங்கில வீ எழுத்துப் போல வைத்தால் வேகம் குறையும். இன்னும் அகட்டினால் நிற்கும். திரும்ப வேண்டுமென்றால் எந்தப் பக்கம் போகிறோமோ அதற்கு எதிர்க்காலில் பாரத்தைப் போட வேண்டும். சரிவைப் பார்த்துப் பயம் வந்தால் உடம்பு தானாகப் பின்னுக்குச் சாயும். சாய்ந்தால் போச்சு, பலகை நம்மை விட்டு ஓடும். பயம் வரும்போதுதான் முன்னுக்குச் சாய வேண்டும், முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு பூட்ஸின் நாக்கில் அழுத்த வேண்டும். இதைப் பழக்கியவர் எத்தனை தரம் சொல்லியும் எங்கள் உடம்புகள் கேட்கவில்லை.

அன்று வகுப்பு முடியும்போது எங்களை மேலே பார்க்கத் திருப்பி நிறுத்தி, இன்னொன்று சொன்னார். "உங்களுக்குக் கீழே போகிறவருக்கு முதுகில் கண் இல்லை. அவர் எந்தப் பக்கம் திரும்பினாலும், நின்றாலும், விழுந்தாலும் அது அவர் இஷ்டம். வழி அவருடையது. மேலேயிருந்து வருகிறவர்தான் பார்த்து ஒதுங்க வேண்டும். ஒதுங்க முடியாத வேகத்தில் வந்தால் அது உங்கள் பிழை. நிற்பதென்றால் ஓரத்தில் நில்லுங்கள், நடுவில் நிற்காதீர்கள். புறப்படுமுன் மேலே பாருங்கள். யாராவது அடிபட்டால் நின்று உதவி செய்து, உங்கள் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும்."

"என்னுடைய வேலையிலும் அப்படித்தான்," என்றார் பஸ் ஓட்டும் பெண். "பின்னால் வந்து இடித்தவர்தான் பிழைகாரர்."

இரண்டாவது வகுப்புக்குப் பிறகு என் கணவர் வகுப்புக்கு வரவில்லை. வகுப்பு மெதுவாகப் போகிறது, மாசி வந்துவிடும் என்றார். நாங்கள் கீழே பழகிக்கொண்டிருக்கும்போது, தாமாகப் பழகுகிறவர்களுக்கான நேரத்துக்குச் சீட்டு எடுத்து, இழுவைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடுச்சரிவுக்குப் போவார். அங்கிருந்து நேராக வருவார். கீழே மேடு கட்டியிருக்கும் இடத்தில் வேகம் தானாகக் குறைந்து நிற்பார். நின்றதும் சுற்றிவரப் பார்ப்பார், யாராவது கண்டார்களா என்று. விழவே இல்லை. ஆனால் அவராக நிற்கவும் இல்லை, மேடுதான் அவரை நிறுத்தியது. அது எனக்குத் தெரிந்தது, பழக்கியவருக்கும் தெரிந்தது. ஒருநாள் அவரிடம் போய், "உங்களுக்கு இன்னும் நிற்க வராது. உச்சிக்குப் போக வேண்டாம்," என்று சொன்னார். இவர் மரியாதையாகத் தலையாட்டினார். காரில் ஏறியதும், "நான் படிச்ச பௌதிகத்தை அவவும் படிச்சவவே?" என்றார்.

எனக்கோ அந்தச் சனிக்கிழமைகள் பிடித்துப்போயிருந்தன. முதல் தரம் நானாகத் திரும்பி நானாக நின்றபோது யாரோ எனக்கு ஏதோ பெரிய பொருள் தந்த மாதிரி இருந்தது. அதை வீட்டில் சொல்ல முடியவில்லை. வேலைத்தலத்தில் ஒவ்வொரு கிழமையும் மலைப் பயணத்தைப் பற்றிய பேச்சு. எந்த ஊரில் ஓடினாய், எந்தப் பலகை பாவிப்பாய் என்று இவரைக் கேட்பார்களாம். ஒரு பொய்க்குப் பக்கத்தில் இன்னொன்றாக அடுக்கிவிட்டு வருவார். சோற்றைப் பிசைந்துகொண்டு இருப்பார், சாப்பிடமாட்டார்.

"உண்மையைச் சொல்லிவிடுங்கோவன்," என்று ஒருநாள் சொன்னேன்.

"எத்தினை வருசம் பெட்ரோல் அடிச்சனான் எண்டு உமக்குத் தெரியும்," என்றார்.

தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை. காலையில் மழை பெய்து விரிப்பு நன்றாக நனைந்திருந்தது. நனைந்த நாளில் பலகை வழமையைவிட வேகமாக ஓடும் என்று பழக்கியவர் வகுப்புத் தொடங்கும்போதே சொல்லியிருந்தார். வகுப்பு முடிந்து நாங்கள் சிலர் நடுச்சரிவில் பழகிக்கொண்டிருந்தோம். நான் ஓரமாக நின்று மூச்சு வாங்கினேன். பஸ் ஓட்டும் பெண் சரிவுக்குக் குறுக்கே, அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம், மிக மெதுவாக வந்துகொண்டிருந்தார். நுனிநாக்கை வெளியே நீட்டிக்கொண்டு, காலைப் பார்க்காமல் முன்னால் பார்த்து, பழக்கியவர் சொன்னபடியே வந்தார். என்னைக் கண்டு சிரித்தார்.

மேலேயிருந்து பிளாஸ்டிக்கை உரசும் அந்தக் கரகரச் சத்தம் கேட்டது. திரும்பினேன். உச்சியிலிருந்து என் கணவர் வருகிறார். நேராக வருகிறார். உடம்பு பின்னுக்குச் சாய்ந்து, கைகள் இரண்டும் மேலே தூக்கியபடி. வாய் திறந்திருந்தது.

"விலகுங்கோ! விலகுங்கோ! விலகுங்கோ!"

அந்தப் பெண் சத்தம் கேட்டுத் தலையைத் திருப்பினார். அவ்வளவுதான். இரண்டு பேரும் ஒன்றாக உருண்டார்கள். ஒரு பலகை கழன்று தனியாகக் கீழே ஓடியது. அதற்குப் பிறகு அந்தப் பெண் எழுப்பிய ஒலியை நான் எழுதப் போவதில்லை.

பழக்கியவர் எங்கிருந்து வந்தார் என்று தெரியாது. வந்ததும் தன் பலகைகளைக் கழற்றி அந்த இடத்துக்கு மேலே குறுக்காக வைத்தார், மேலேயிருந்து வருகிறவர்கள் கண்டு ஒதுங்குவதற்காக. "யாரும் அவரைத் தூக்க வேண்டாம், பூட்ஸைக் கழற்ற வேண்டாம்," என்றார். தன் ஜாக்கெட்டைக் கழற்றி அவர் மேல் போட்டார். நான் முழங்காலில் இருந்து அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டேன். தண்ணீர்க் குழாயை யாரோ நிறுத்தும்வரை எல்லோர் மேலும் தூறிக்கொண்டே இருந்தது. பூட்ஸுக்கு மேலே கால் இருக்கக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

என் கணவருக்கு ஒரு காயமும் இல்லை. எழும்பி நின்றார். முகம் சாம்பல் நிறமாக இருந்தது.

அம்புலன்ஸ் போன பிறகு, சரிவின் பொறுப்பாளர் எங்களை உள்ளே கூப்பிட்டார். அவர் ஒரு இளைஞர். என்ன நடந்தது என்று என் கணவரிடம் கேட்டார்.

"அவர் எனக்கு முன்னால் வெட்டித் திரும்பிவிட்டார்," என்றார் என் கணவர் ஆங்கிலத்தில். "நான் எச்சரித்தேன். அவர் விலகவில்லை."

பொறுப்பாளர் என்னைப் பார்த்தார். "நீங்கள் பக்கத்தில் நின்றீர்கள். என்ன கண்டீர்கள்?"

நான் வாய் திறக்குமுன் என் கணவர் தமிழில், குரலை உயர்த்தாமல், "ஒண்டும் சொல்லாதையும்," என்றார்.

பழக்கியவர் கதவடியில் நின்றார். அவருக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் என்ன சொல்லப்பட்டது என்று விளங்கியிருக்கும். அந்த அறையில் ஒரு வாயு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. என் ஈரக் கையுறையிலிருந்து ஆவி பறந்தது. யோசிக்க எனக்கு நேரம் இருந்தது என்று சொல்ல முடியாது. அந்தப் பெண்ணின் கை என் கையை இறுக்கிய இறுக்கம் இன்னும் விரல்களில் இருந்தது.

"அவர் வெட்டித் திரும்பவில்லை," என்றேன். "ஒரே கோட்டில் மெதுவாகத்தான் வந்தார். அவர் கீழே இருந்தார். என் கணவர் மேலேயிருந்து வந்தார். அவரால் நிற்க முடியவில்லை."

வீட்டுக்கு வரும் வழியில் நோர்த் சேர்குலர் வீதியில் வாகனங்கள் நெருங்கி நின்றன. துடைப்பான்கள் அசைந்துகொண்டிருந்தன. வீட்டு வாசலில் காரை நிறுத்திய பிறகுதான் அவர் பேசினார்.

"என்னைக் காட்டிக் குடுத்திட்டீர்."

"நான் கண்டதைத்தான் சொன்னனான்."

"தலையாட்டியும் அப்பிடித்தான் சொல்லுவான்."

எங்கள் ஆட்களுக்கு அந்தச் சொல்லை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஊரில் ஆமி, அதாவது இராணுவம், சுற்றிவளைத்தால், ஆண்களை வரிசையில் விட்டு, முகத்தைச் சாக்கால் மூடிய ஒருவனுக்கு முன்னால் நடத்துவார்கள். அவன் தலையை ஆட்டினால் அந்த ஆளைக் கொண்டுபோவார்கள். என் கணவரின் சித்தப்பா மகனை அப்படித்தான் கொண்டுபோனார்கள். திரும்பி வரவில்லை. அந்தச் சொல்லைத்தான் எனக்குச் சொன்னார்.

நான் காரிலிருந்து இறங்கி மாடிக்குப் போனேன். அவர் வெகுநேரம் காரிலேயே இருந்தார்.

அதற்குப் பிறகு வீட்டில் தேவைக்கு மட்டும் பேச்சு. பால் முடிந்தது. கதவைப் பூட்டும். வாசல் மணி அடித்தால் அவர் அசையாமல் நின்று கேட்பார், பொலிஸ் என்று நினைத்து. யாரும் வரவில்லை. வழக்கும் வரவில்லை. ஆனால் வரும் என்ற பயம் எங்களோடு குடியிருந்தது. இங்கே தங்குவதற்கான எங்கள் அனுமதி அந்த வருடம்தான் புதுப்பிக்க வர இருந்தது. அதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்று எனக்கு அறிவு சொன்னது. ஆனாலும் தபால் விழும் சத்தம் கேட்டால் ஓடிப்போய்ப் பார்த்தேன்.

நான் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனேன். திராட்சையும் இஞ்சி பிஸ்கட்டும் கொண்டுபோனேன். அந்தப் பெண்ணின் காலில் தகடு வைத்திருந்தார்கள். கால் உயர்த்திக் கட்டப்பட்டிருந்தது. சரிவில் வயிறு குலுங்கச் சிரித்த முகமா இது என்று இருந்தது.

"நீங்கள் ஏன் வந்தீர்கள்?" என்றார்.

"உங்களைப் பார்க்க."

"நீங்கள் என்னை இடிக்கவில்லையே. உங்களிடம் நான் என்ன சொல்வது? பரவாயில்லை என்றா? பரவாயில்லாமல் இல்லை. திரும்பவும் பஸ் ஓட்ட முடியுமோ என்று இவர்களுக்கே தெரியவில்லை."

நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். பிறகு அவர் கேட்டார், "அவர் ஏதோ கத்தினார். அது என்ன?"

"விலகச் சொல்லிக் கத்தினார்."

"அப்படி ஒரு சொல் எனக்குக் கேட்கவில்லையே."

"தமிழில் கத்தினார்."

அவர் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அவரை வரச் சொல்லுங்கள்," என்றார். "நீங்கள் இனி வர வேண்டாம்." திராட்சைப் பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கட்டிலின் காலடியில் வைத்துவிட்டு வந்தேன். பஸ்ஸில் வரும்போது அழுகை வந்தது. அந்தப் பெண்ணின் கோபத்துக்காகவா, என் வீட்டுக்காகவா என்று தெரியவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போனதையும் அந்தப் பெண் அவரை வரச் சொன்னதையும் என் கணவரிடம் சொன்னேன். அவர் பேப்பரைத் தாழ்த்தவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் போவது வழக்கம். அந்த வெள்ளியும் போனோம். பேசாமல் இருந்தாலும் கோயிலுக்கு ஒன்றாகத்தான் போனோம், தனியாகப் போனால் ஆட்கள் கேட்பார்கள். பூசை முடிந்து திருநீறு பூசிக்கொண்டு வந்து காரில் ஏறினோம். மேட்டால் இறங்கும்போது அவராகத் தொடங்கினார்.

"நான் கத்தினனான்தானே. அதை நீர் அவங்களுக்குச் சொல்லேல்லை."

"சொல்லேல்லைத்தான்."

"'மூவ், மூவ்' எண்டு தொண்டை கிழியக் கத்தினனான். அந்த மனிசி திரும்பிப் பாத்தவ. பாத்திட்டும் விலகேல்லை. அது என்ரை பிழையே?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இவ்வளவு நாளும் அவர் எதைப் பிடித்துக்கொண்டு நின்றார் என்று.

"இஞ்சருங்கோ," என்றேன். "நீங்கள் 'மூவ்' எண்டு கத்தேல்லை."

"பின்னை?"

"'விலகுங்கோ, விலகுங்கோ' எண்டுதான் கத்தினனீங்கள்."

"இல்லை."

"எனக்குக் கேட்டது. நான் கிட்ட நிண்டனான்."

"இல்லை," என்றார் மறுபடியும், ஆனால் குரல் மாறிவிட்டது. காரை ஓரமாக நிறுத்தினார். பின்னால் வந்தவன் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனான். ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி வாய்க்குள் அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தார். ஒரு தரம், இன்னொரு தரம்.

"அந்த மனிசிக்கு என்ன விளங்கியிருக்கும்?" என்று கேட்டார்.

"ஆரோ பின்னாலை கத்துறான் எண்டு மட்டும்."

நெற்றியில் திருநீறு வியர்வையில் கரைந்து வழிந்தது. அவர் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

மாசி தொடங்கிய ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், "அந்த மனிசியின்ரை வீடு எங்கை?" என்று கேட்டார். அதற்குள் அந்தப் பெண் வீடு திரும்பியிருந்தார். பழக்கியவரிடம் விசாரித்தேன். அவர் அந்தப் பெண்ணிடம் கேட்டு, சரி என்றதும் இடத்தைச் சொன்னார். எங்கள் வீட்டிலிருந்து நடக்கக்கூடிய தூரம்தான். இவர் வேலைக்குப் போடும் கோட்டைப் போட்டு, டை கட்டினார். வழியெல்லாம் உதடு அசைந்துகொண்டிருந்தது. ஆங்கிலத்தில் ஒத்திகை பார்க்கிறார் என்று தெரிந்தது. நான் வாசற் படலையடியில் நின்றுகொண்டேன்.

அந்தப் பெண்ணே கதவைத் திறந்தார், கக்கத்தில் ஊன்றுகோலோடு.

"நான் மேலே இருந்தேன். நீங்கள் கீழே இருந்தீர்கள்," என்றார் என் கணவர். "எனக்கு நிற்கத் தெரியாது. தெரியாமல் உச்சிக்குப் போனேன். நீங்கள் வெட்டித் திரும்பினீர்கள் என்று சொன்னது பொய். பிழை என்னுடையது."

அந்தப் பெண் ஊன்றுகோலை இறுக்கிப் பிடித்தார். பிறகு, "ஓம், உங்களுடையதுதான்," என்ற பொருளில் ஒரு சொல் சொன்னார். அதோடு, "வந்ததற்கு நன்றி," என்றார். கதவு மூடியது. மெதுவாகத்தான் மூடினார். ஊன்றுகோலோடு ஒருவர் கதவை மூட நேரமெடுக்கும், அந்த நேரம் முழுக்க என் கணவர் அங்கேயே நின்றார்.

அடுத்த நாள் மனேச்சரிடம் போய், தனக்கு ஸ்கீ தெரியாது, தெரியும் என்று சொன்னது பொய், மலைக்கு வரவில்லை என்று சொன்னாராம். மனேச்சர் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"ஒண்டும் சொல்லேல்லை. 'ரைட்' எண்டான்."

அந்தக் கோடையில் கட்டிட வேலைகள் எல்லா இடத்திலும் படுத்துவிட்டன. அவருடைய நிறுவனத்திலும் ஆட்களை நிறுத்தினார்கள், இவரையும் நிறுத்தினார்கள். அந்தப் பொய்யால்தான் என்று இவர் நம்பினார். கடைசியாக வந்தவரை முதலில் நிறுத்துவது வழக்கம்தானே என்று நான் சொல்லிப் பார்த்தேன். கொஞ்சக் காலம் திரும்பவும் பெட்ரோல் ஷெட். பிறகு கவுன்சிலில் ஒரு வேலை கிடைத்து, அதிலேயே நிலைத்தார். எங்கள் அனுமதியும் ஒரு தடையுமில்லாமல் புதுப்பிக்கப்பட்டது. அந்தப் பெண் அடுத்த வருடம் பஸ் ஓட்டத் திரும்பினார். ஆனால் ஒரு காலைக் கொஞ்சம் இழுத்துத்தான் நடந்தார். கடைத்தெருவில் என்னைக் கண்டால் தலையசைப்பார், நின்று பேசமாட்டார். சரிவுக்கு அவர் பிறகு வரவே இல்லை.

நான் போனேன். அந்த வருடப் பங்குனியிலேயே ஒரு சனிக்கிழமை, எங்கே போகிறேன் என்று சொல்லிவிட்டே போனேன். என் கணவர் தடுக்கவில்லை. பழக்கியவர் என்னைக் கண்டு ஆச்சரியப்படவும் இல்லை, அன்றைய சம்பவத்தைப் பற்றிக் கதைக்கவும் இல்லை. "பூட்ஸை இன்னும் இறுக்குங்கள்," என்றார். அன்று முதல் தரம் உச்சிக்குப் போனேன். மேலேயிருந்து பார்த்தபோது அந்த நடுச்சரிவு எவ்வளவு கிட்டத் தெரிந்தது, எவ்வளவு கெதியாக அங்கே போய்விடலாம் என்று கண்டபோது, என் கணவர் மேல் இருந்த கோபத்தில் ஒரு பங்கு குறைந்தது. முழுவதும் குறையவில்லை. தலையாட்டி என்ற அந்தச் சொல் என்னோடு இருந்தது. அவர் அதைத் திரும்ப ஒருநாளும் சொல்லவில்லை, திரும்ப எடுத்துக்கொள்ளவும் இல்லை. நான் வரும் சனிக்கிழமைகளில் பின்னேரச் சாப்பாட்டை அவரே சமைத்து வைத்திருப்பார். அதைப் பற்றியும் நாங்கள் பேசியதில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் ஸ்ட்ரெதமில் உறவினர் வீட்டில் ஒரு பிறந்தநாள். அறை நிறைய ஆட்கள், கோப்பைகள், வடைத் தட்டுகள். என் கணவரின் வயதையொத்த ஒருவர், நன்றாக உழைத்து முன்னுக்கு வந்தவர், அடுத்த கிழமை குடும்பத்தோடு சுவிஸுக்கு ஸ்கீ விளையாடப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். யாரோ பழகினீர்களா என்று கேட்டார்கள்.

"உதை என்னத்துக்குப் பழகுறது? மேலை ஏறி நிண்டா அது தானாக் கீழை வரும்தானே," என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள்.

"நானும் அப்பிடித்தான் நினைச்சனான்," என்றார் என் கணவர்.

ஆட்கள் நடுவில் அவர் அதிகம் பேசுகிறவர் அல்ல என்பதால் எல்லோரும் திரும்பினார்கள்.

"நிக்கத் தெரியாமல் ஓடி ஒரு மனிசியின்ரை காலை முறிச்சனான். பேந்து அவதான் பிழை எண்டு பொய்யும் சொன்னனான்." என் பக்கம் பார்க்காமல் கையை மட்டும் என் பக்கம் நீட்டினார். "இவதான் உண்மையைச் சொன்னவ."

சுவிஸுக்குப் போகிறவர் கையிலிருந்த கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வீட்டுக்காரி கேக் வெட்டப் போகிறோம் என்று கூப்பிட, கதிரைகள் இழுபடும் சத்தத்தில் எல்லோரும் எழும்பினார்கள். நானும் எழும்பினேன். அவர் எனக்கு வழி விட்டு, கதவடியில் ஒதுங்கி நின்றார்.